பழசானது டிவி அல்ல

விழுப்புரத்திலிருந்து அத்தை போன் செய்தார். "தம்பி, டிவி போயிடுச்சுப்பா. கடைக்காரர் வந்து பார்த்துட்டுப் போனார். ரொம்பப் பழசாயிடுச்சாம், இனிமே சரிவராதாம். எந்தக் கம்பெனி வாங்கலாம்னு நீ சொல்லு."

போய்விட்டது என்றால் என்ன, படம் வரவில்லையா என்று கேட்டேன். படம் வருகிறது. சத்தமும் வருகிறது. கேபிளில் சீரியல் ஓடிக்கொண்டிருப்பது போனில் எனக்கே கேட்டது. யூடியூபைத் திறந்தால்தான் கறுப்புத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். பழைய படங்கள் பார்க்க வைத்திருந்த இன்னொரு செயலி, இந்தச் சாதனத்தில் இனி இயங்காது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொள்கிறதாம். 2018-இல் மாமா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் வாங்கிய 43 அங்குல டிவி அது. மாமா இப்போது இல்லை. அந்த டிவியை எக்ஸ்சேஞ்சில் 2,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு 31,000 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று தருவதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எதையும் வாங்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

இதே பேச்சை இந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். சொல்கிறவர்கள் ஏமாற்ற நினைத்துச் சொல்வதில்லை. கேட்கிறவர்களும் விவரம் தெரியாதவர்கள் அல்லர். எல்லோரும் நம்புகிற கருத்தே அதுதான்: செயலி ஓடவில்லை என்றால் டிவி பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும். அதன் மறுபாதி, புது டிவி வாங்கும்போது வரும் பேச்சு: "ஸ்மார்ட் டிவிதானே, எல்லாம் உள்ளேயே இருக்கு, தனியா ஸ்டிக், பாக்ஸ் எல்லாம் எதுக்கு?" இரண்டுமே தவறு என்பது என் உறுதியான கருத்து. இந்தத் தவறுக்கு நடுத்தரக் குடும்பங்கள் கொடுக்கும் விலை மிக அதிகம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஸ்மார்ட் டிவி என்று நாம் வாங்குவது ஒரே பெட்டிக்குள் அடைத்த இரண்டு பொருள்கள். ஒன்று திரை: பேனல், அதன் பின்விளக்கு, மின்சாரம் கொடுக்கும் போர்டு. இன்னொன்று ஒரு சின்னக் கணினி. இந்த இரண்டின் ஆயுளும் ஒன்றல்ல. எல்இடி பின்விளக்குகளுக்கு 30,000 மணி நேரம் என்று குறைவாகவே கணக்கு வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 1,825 மணி; பதினாறு ஆண்டுக்கு மேல் வருகிறது. இடையில் மின்னழுத்தம் ஏறி இறங்கி போர்டு போகலாம், விளக்குப் பட்டையில் ஒன்றிரண்டு எரிந்துபோகலாம். அவற்றை நம் ஊர் மெக்கானிக்கே மாற்றித் தருவார்.

கணினியின் கதை வேறு. கடையில் டிவி விற்பது அங்குலத்தாலும் விலையாலும். 43 அங்குலம் இவ்வளவு, 55 அங்குலம் இவ்வளவு என்றுதான் வாங்குகிறவரும் ஒப்பிடுகிறார். உள்ளே இருக்கும் சில்லு எந்தத் தலைமுறை, நினைவகம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. கேட்காத இடத்தில்தான் செலவைக் குறைப்பார்கள். குறைந்த விலை மாடல்களில் 1 ஜிபி நினைவகமும் 8 ஜிபி சேமிப்பும் போட்டு அனுப்புவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. அந்த எட்டிலும் பெரும்பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். வாங்கிய அன்று நன்றாகத்தான் ஓடும். பிறகு ஒவ்வொரு செயலியும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு பருத்துக்கொண்டே போகும். டிவி அதே இடத்தில் நிற்கும்.

நிற்பது மட்டுமல்ல, கைவிடவும்படும். இது ஏட்டில் உள்ள வரலாறு. 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய தொழில்நுட்ப வாசலை மூடியபோது, 2012-இலும் அதற்கு முன்பும் வந்த பல டிவிகளில் யூடியூப் நின்றுபோனது. 2019 டிசம்பர் 1 முதல் சாம்சங்கின் 2010, 2011 மாடல்கள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. அந்த டிவிகளின் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. படத்தைச் சுருக்கி அனுப்பும் முறையும் மாறிக்கொண்டே இருக்கிறது. யூடியூப் தன் 4கே படங்களை விபி9, ஏவி1 என்ற முறைகளில் அனுப்புகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2021 நவம்பரில் டிவிகளுக்கு ஏவி1-இல் அனுப்பத் தொடங்கியது. பழைய சில்லுக்கு இவற்றைப் பிரித்துக் காட்டும் வன்பொருளே கிடையாது. மென்பொருளை எத்தனை முறை புதுப்பித்தாலும் அது வந்துவிடாது.

ஆக, ஏழு ஆண்டில் காலாவதியாகும் ஒரு பொருளைப் பதினைந்து ஆண்டு ஓடக்கூடிய ஒரு பொருளோடு ஒட்டி விற்கிறார்கள். சின்னது செத்ததும் பெரியதையும் சேர்த்துத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். சட்டைப் பொத்தான் அறுந்தால் சட்டையை எறிகிற வீடு நம்மிடம் இல்லை. டிவி விஷயத்தில் மட்டும் அதைச் செய்கிறோம்.

இது நமக்குப் பழக்கமே இல்லாத புத்தி என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. எண்பதுகளில் ஊரில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்த நினைவு ஐம்பதைக் கடந்த எல்லோருக்கும் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, பொங்கல் என்றால் சைக்கிள் கேரியரில் டெக்கைக் கட்டி எடுத்து வருவார்கள். இரவு முழுவதும் மூன்று படம் ஓடும். டெக்கின் ஹெட் அழுக்கானால் துடைப்போம். டெக்கே போனால் டெக்கை மாற்றுவோம். அதற்காக டிவியை மாற்ற யாருக்கும் தோன்றியதில்லை. பிறகு டெக் போய் விசிடி பிளேயர் வந்தது, அது போய் டிவிடி வந்தது. 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயமானபோது, பெட்டியைத்தான் வாங்கி வைத்தார்கள். மொட்டைமாடியில் டிடிஎச் தட்டு ஏறியபோதும் அதே கதை. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவிகூட கேபிள் ஒயரைப் பார்த்தது, செட்டாப் பாக்ஸைப் பார்த்தது, டிவிடி பிளேயரைப் பார்த்தது. படம் காட்டுவது ஒன்று, படம் கொண்டுவருவது இன்னொன்று என்ற அறிவு முப்பது ஆண்டு நம் வீட்டுக் கூடங்களில் இருந்தது.

அந்தக் காலத்திலும் இரண்டையும் ஒட்டிப் பார்த்தவர்கள் உண்டு. டிவிக்குள்ளேயே கேசட் போடும் வாய் வைத்த மாடல்கள் வந்தன. கேசட் நாடா உள்ளே சிக்கிக்கொண்டால் மொத்த டிவியையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வரும்வரை வீட்டில் செய்தியும் கிடையாது, ஒலியும் ஒளியும் கிடையாது. அவை நிலைக்கவில்லை. இன்று நாம் வாங்கும் ஸ்மார்ட் டிவி அந்த மாடலின் வாரிசு.

டிவியை அப்படியே வைத்துக்கொண்டு, இணையத்திலிருந்து படம் கொண்டுவரும் ஒரு ஸ்டிக்கையோ பெட்டியையோ அதன் ஹெச்டிஎம்ஐ துளையில் செருகுங்கள் என்பதே நான் சொல்லும் வழி. எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு, "ஸ்டிக்கும்தான் நாலு வருஷத்தில் செத்துப்போகும்" என்பது. உண்மை. 2025 மார்ச் 9 அன்று கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் முடங்கின. உள்ளே இருந்த ஒரு சான்றிதழின் காலம் முடிந்துபோனதுதான் காரணம். சில நாளில் கூகுள் சரிசெய்தது என்றாலும், அப்படியொன்று நடக்கும் என்பது நிரூபணமாயிற்று. ஆனால் இந்த உதாரணம் யார் பக்கம் பேசுகிறது என்று பாருங்கள். முடங்கியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருள். அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது. அதே சான்றிதழ் டிவிக்குள் இருந்து காலாவதியாகி, நிறுவனமும் கைவிட்டிருந்தால்? எல்லாச் சாதனமும் ஒருநாள் சாகும்தான். 4,500 ரூபாய் சாமான் சாவதும் 31,000 ரூபாய் சாமான் சாவதும் ஒன்றாகிவிடுமா?

இரண்டாவது மறுப்பு பெரியவர்களைப் பற்றியது. "இருக்கிற ஒரு ரிமோட்டே அவங்களுக்குக் குழப்பம், இன்னொன்று கொடுத்தால் என்ன ஆவது?" இதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இது அக்கறையில் பிறந்த கேள்வி. இதற்கு விடை டிவியிலேயே இருக்கிறது. ஹெச்டிஎம்ஐ வழியாக ஒரு கருவி இன்னொன்றை எழுப்பவும் அணைக்கவும் சிஇசி என்ற வசதி உண்டு. சாம்சங்கில் அதற்கு எனிநெட் பிளஸ் என்று பெயர், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். பெயரை மாற்றி மாற்றி வைத்திருப்பதால் பலருக்கும் அது இருப்பதே தெரிவதில்லை. அதை இயக்கி வைத்துவிட்டால் ஸ்டிக்கின் ரிமோட்டில் ஹோம் பொத்தானை அழுத்தியதும் டிவி விழித்துக்கொண்டு சரியான உள்ளீட்டுக்கே வந்து நிற்கும். சத்தத்தைக் கூட்டக் குறைக்கவும் அதே ரிமோட் போதும். நடைமுறையில் ரிமோட் ஒன்று கூடுவதில்லை. பழைய ரிமோட் அலமாரிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

கடைக்காரர்கள் சொல்லும் மூன்றாவது காரணம், புது டிவியில் படம் இன்னும் நன்றாக இருக்கும் என்பது. இருக்கலாம். படத்துக்காக வாங்குகிறவரை நான் தடுக்கவில்லை. திரையில் கோடு விழுந்துவிட்டது, ஓரங்கள் கறுத்துவிட்டன, கண் மங்கியதால் இன்னும் பெரிய திரை வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். யூடியூப் சுற்றுகிறது என்பதற்காக வாங்காதீர்கள் என்பதே என் வாதம். கடையில் ஓடும் மாதிரிப் படத்தில் கிளியும் பவளப்பாறையும் மின்னுவதைப் பார்த்து மயங்குகிறவர்கள், தங்கள் வீட்டு டிவியும் வந்த புதிதில் அந்தக் கடையில் அப்படித்தான் மின்னியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது? இங்கேயும் ஒரு தவறான நம்பிக்கை குறுக்கே நிற்கிறது: "எல்லாமே ஆண்ட்ராய்டு பெட்டிதானே, 2,000 ரூபாய்க்குக் கிடைப்பதை வாங்கினால் போதாதா?" போதாது, ஆபத்தும்கூட. 2023 ஜனவரியில் டி95 என்ற மலிவுப் பெட்டியைப் பிரித்து ஆராய்ந்த ஒருவர், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதற்குள் தீநிரல் இருந்ததைக் கண்டுபிடித்தார். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற பெயரில் இப்படிப்பட்ட பெட்டிகள் லட்சக்கணக்கான வீடுகளின் இணைய இணைப்பைக் குற்றக் கும்பல்களுக்குத் திறந்துவிடுவதாக எச்சரித்தது. அடுத்த மாதமே கூகுள் வழக்குத் தொடுத்தது. தொற்றிய கருவிகள் ஒரு கோடிக்கும் மேல் என்றது. இவையெல்லாம் கூகுளின் சான்று பெறாமல், திறந்த மூல ஆண்ட்ராய்டை எடுத்து ஒட்டிய பெட்டிகள். 6கே, 8கே என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதும், எல்லா ஓடிடியும் இலவசம் என்று விற்கிறவர் சொல்வதுமே இவற்றுக்கு அடையாளம். இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

தீநிரலே இல்லாவிட்டாலும் இவற்றில் ஒரு குறை உண்டு. படத் திருட்டைத் தடுக்க வைடுவைன் என்றொரு பூட்டுமுறை இருக்கிறது. கருவிக்கு அதில் எல்1 தகுதி இருந்தால்தான் கட்டண ஓடிடிகள் ஹெச்டியிலும் 4கேயிலும் படம் அனுப்பும். எல்3 மட்டும் இருந்தால் பழைய டிவிடி தரம்தான். மாதாமாதம் உயர்ந்த திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு, சான்றில்லாத பெட்டியில் மங்கலாகப் பார்த்துக்கொண்டு, நெட் சரியில்லை என்று கேபிள்காரரிடம் சண்டை போடும் குடும்பங்களை நான் அறிவேன்.

நம் ஊரில் நம்பி வாங்கக்கூடியவை சிலதான். அமேசானின் ஃபயர் டிவி வகைகள், ஷாவோமியின் ஸ்டிக்குகள், கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு ஆப்பிள் டிவி. 2022-இல் வந்த ஆப்பிள் டிவி 4கேயின் தொடக்க விலை இங்கே 14,900 ரூபாய். விலை கண்ணைக் குத்தும், ஆனால் முகப்பில் விளம்பரம் குவியாது, ஆண்டுக்கணக்கில் வேகமும் குறையாது. மற்ற ஸ்டிக்குகள் பொதுவாக மூவாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் நடுவில் கிடைக்கும். உங்கள் டிவி 32 அங்குல ஹெச்டி ரெடி என்றால் 4கே ஸ்டிக்கின் 4கே வீண்தான். ஆனாலும் நினைவகம் 2 ஜிபி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்காகவே சில நேரம் ஒரு படி மேலே வாங்க நேரும். நான் எல்லோரையும் கட்டாயம் பார்க்கச் சொல்வது இன்னொன்று: உங்கள் வீட்டில் பார்க்கும் செயலிகள் எல்லாம் அதில் உண்டா? சன் நெக்ஸ்ட், ஆஹா, ஜியோ ஹாட்ஸ்டார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். ஃபயர் டிவி என்ற பெயரில் வருவதெல்லாம் இப்போது ஒரே வகை அல்ல. 2025-இல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட் ஆண்ட்ராய்டில் ஓடுவதில்லை, வேகா என்ற புது இயங்குதளத்தில் ஓடுகிறது. பழைய ஸ்டிக்கில் இருந்த செயலி புதியதிலும் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

பிராட்பேண்டோடு சேர்த்துக் கொடுக்கும் செட்டாப் பாக்ஸ் இருந்தால் முதலில் அதையே ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் காசு மிச்சம். ஆனால் அது அந்த இணைப்போடு கட்டுண்ட பொருள். இணைப்பை மாற்றும் நாளில் பெட்டியும் பயன்படாமல் போகலாம்.

இனி விழுப்புரம்.

ஞாயிறு காலை போய்ச் சேர்ந்தேன். டிவி சுவரோடு ஒட்டி மாட்டப்பட்டிருந்தது. பின்னால் கை விடவே இடமில்லை. போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன்: நூலாம்படைக்கு நடுவே மூன்று ஹெச்டிஎம்ஐ துளைகள், ஒன்றில் கேபிள் பாக்ஸ், இரண்டு காலி. ஏழு ஆண்டாக அந்தத் துளைகளில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மூடியைக்கூட யாரும் எடுத்திருக்கவில்லை. வாங்கிக்கொண்டு போயிருந்த ஸ்டிக்கை நேரே செருகினால் சுவரில் முட்டியது. ஸ்டிக் வந்த அட்டைப் பெட்டிக்குள் விரல் நீளத்தில் ஒரு ஹெச்டிஎம்ஐ நீட்டிப்புக் கம்பி இருக்கும். பலரும் அதைத் தேவையில்லை என்று உள்ளேயே விட்டுவிடுவார்கள். அதை மாட்டி ஸ்டிக்கைக் கீழே தொங்கவிட்டேன். இடப்பிரச்சினை தீர்ந்தது மட்டுமல்ல, டிவியின் முதுகுச் சூட்டிலிருந்தும் உலோகத் தகட்டின் மறைப்பிலிருந்தும் ஸ்டிக் விலகிவிட்டது. வைஃபை சரியாகக் கிடைக்க அந்த நாலு விரல் தூரம் போதும்.

"டிவியிலேயே யூஎஸ்பி இருக்கே, கரண்டை அதிலேயே எடுத்துக்கலாமே?" என்றான் பக்கத்து வீட்டுப் பையன். எல்லோரும் செய்யும் பிழை இது. டிவியின் சாதாரண யூஎஸ்பி துளை அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியர் வேண்டும். பாதி மின்சாரத்தில் ஸ்டிக் எழுந்துகொள்ளும், ஆனால் நடுநடுவே அணைந்து அணைந்து திரும்ப முதலிலிருந்து தொடங்கும். மறுநாள் "ஸ்டிக் மட்டமானது" என்று பெயர் வாங்கும். கூடவே வந்த அடாப்டரைச் சுவரில் செருகினேன்.

ரவுட்டர் அதே அறையில் இருந்ததால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேர்த்தேன். இரண்டு சுவர் தாண்டி இருந்திருந்தால் 2.4-ஐத்தான் தேர்ந்திருப்பேன், 5 வேகமானது, சுவரைத் தாண்டத் திணறும். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தையும் முழு ஹெச்டிக்கு 5 மெகாபிட்டையும்தான் கேட்கிறது. வீட்டில் இருந்த இணைப்புக்கு அது பெரிய விஷயமே இல்லை. இத்தனை நாளும் திணறியது இணைப்பு அல்ல என்பதை அத்தை அப்போதுதான் நம்பினார்.

பிறகு கொஞ்ச நேரம் அமைப்புகளில் செலவிட்டேன். படத்தின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டுத் தெரிந்தது. பழைய டிவிகள் ஓரத்தைச் சற்றே பெரிதாக்கி மறைக்கும் வழக்கம் உள்ளவை. படத்தின் அளவை ஜஸ்ட் ஸ்கேனுக்கு மாற்றியதும் ஓரம் முழுதாக வந்தது. 4கே டிவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பல மாடல்களில் ஹெச்டிஎம்ஐ துளையின் முழுத் திறனைத் திறந்துவிட டிவி அமைப்பில் ஒரு சுவிட்ச் இருக்கும். சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மேட், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் டீப் கலர் என்று போட்டிருக்கும். அது அணைந்திருந்தால் எவ்வளவு நல்ல ஸ்டிக்கும் தன் முழு நிறத்தைக் காட்டாது.

யாரும் சொல்லித் தராத ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். நம் நாட்டுத் தொலைக்காட்சி நொடிக்கு 25, 50 என்ற கணக்கில் படங்களை அடுக்குகிறது. சினிமா 24. ஸ்டிக்குகளோ பெட்டியிலிருந்து எடுத்ததும் 60-இல் நிற்கும். 24-உம் 25-உம் 60-க்குள் சரியாக வகுபடாது. அதனால்தான் கிரிக்கெட்டில் கேமரா பந்தைத் தொடரும்போதும், படத்தில் காட்சி மெல்ல நகரும்போதும் ஒரு தட்டுத் தடுமாறல் தெரிகிறது. அமைப்புகளில் மூல ஃப்ரேம் ரேட்டோடு பொருந்து என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்கிவிட வேண்டும். எல்லாச் செயலியும் அதை மதிப்பதில்லை. அப்படிப்பட்ட செயலியில் கிரிக்கெட்டோ சீரியலோ பார்க்கும் வீட்டில் 50 ஹெர்ட்ஸில் வைத்துவிடுவதே நல்லது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்து காட்டியதும் "இப்பத்தான் கண்ணு வலிக்காம இருக்கு" என்று சொன்னவர்கள் உண்டு.

கடைசியாக, தெரியாமல் எதையும் வாங்கிவிடாதபடி ஒரு ரகசிய எண் போட்டேன். குரலில் தேடுவதை அத்தைக்குக் காட்டினேன். ரிமோட்டை வாய்க்கு நேரே பிடித்து, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிப்பதுபோல் "தி-ரு-வி-ளை-யா-ட-ல்" என்றார். முப்பத்திரண்டு ஆண்டு தமிழாசிரியை. படம் வரிசையில் முதலில் வந்து நின்றது.

மொத்தச் செலவு 4,500 ரூபாய்க்குள் முடிந்தது. கடைக்காரர் கேட்ட தொகையில் ஏழில் ஒரு பங்கு.

டிவியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு வந்தேன், அதற்கும் காரணம் உண்டு. திரையில் என்ன ஓடுகிறது என்பதைப் பார்த்துக் குறித்து அனுப்பும் நுட்பம் பல ஸ்மார்ட் டிவிகளில் இருக்கிறது. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் நொடிக்கு நொடி இப்படிச் சேகரித்ததாக வழக்கு வந்து, 2017-இல் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கேபிள் பாக்ஸிலிருந்தும் டிவிடியிலிருந்தும் வந்த படத்தைக்கூட அந்த டிவிகள் விட்டுவைக்கவில்லை. ஸ்டிக் விற்கிறவர்கள் மட்டும் துறவிகளா என்றால் இல்லை. அவர்களும் நம் பார்வையைக் கணக்கெடுக்கிறார்கள். ஆனால் உளவு பார்க்கும் கண் இரண்டாக இருப்பதைவிட ஒன்றாக இருப்பது மேல். அந்த ஒன்றையும் அமைப்புகளில் போய்க் கட்டுப்படுத்தலாம், பிடிக்காவிட்டால் பிடுங்கி எறியலாம்.

எறிவது என்றதும் குப்பை நினைவுக்கு வருகிறது. ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். எக்ஸ்சேஞ்சில் போகும் நல்ல டிவி எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. 2025 செப்டம்பரில் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது ஷோரூம்களில் கூட்டம் சேர்ந்தது. வரி குறைந்தது நல்லதுதான். தேவையில்லாமல் வாங்கும் பொருளில் வரியை மிச்சம் பிடித்து என்ன பயன்?

புதிதாக வாங்கியே ஆக வேண்டியவர்களும் இதே கண்ணோடு கடைக்குப் போகலாம். விற்பனையாளர் செயலிகளின் பட்டியலை வாசிக்கத் தொடங்கினால் அதை விடச் சொல்லுங்கள். திரையின் வெளிச்சம் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறுகிறதா, ஹெச்டிஎம்ஐ துளைகள் எத்தனை, நம் ஊரிலேயே சர்வீஸ் கிடைக்குமா என்று கேளுங்கள். உள்ளே இருக்கும் கணினி ஓடுகிற வரை ஓடட்டும். அது நிற்கும் நாளில் என்ன செய்வது என்பது உங்களுக்குத் தெரியும்.

டிவி செய்கிறவர்களிடம் கேட்க ஒன்று உண்டு. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் பொருளைத் தயாரிக்கிறவர் அதற்குக் குறைந்தது எத்தனை காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார் என்பதை வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். ஸ்மார்ட் டிவியும் அதில் அடக்கம். நம் கடையில் டிவி மேல் நட்சத்திர முத்திரை ஒட்டி, ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும் என்று போடுகிறார்கள். அதன் பக்கத்திலேயே இன்னொரு வரி வேண்டும்: இந்த டிவியின் மென்பொருளை எந்த ஆண்டு வரை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று. 2018-இல் அந்த வரி இருந்திருந்தால் மாமா வேறு டிவி வாங்கியிருக்கலாம், அதையேகூட வாங்கியிருக்கலாம். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கியிருப்பார்.